மறுபடியும் ஏலத்துக்கு வந்த புத்தகம்

டெல்லி முனிர்காவில் ஜெபமணி வீட்டுக்குப் போனால், சாமான் வைக்க அடியில் பெட்டியுள்ள திவானில் உட்காரச் சொல்வார்கள். தாராளமாக உட்காரலாம். உள்ளே கட்டுக்கட்டாகக் கிடப்பது அவர் தன் வாழ்க்கையை எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்த 'சகித்தவன் சாட்சி' என்ற புத்தகம். ஒன்றுகூட விற்கவில்லை. சும்மா கொடுத்தாலும், "பெறவு வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சபையார் நழுவினார்கள். ஒரே ஒரு ஆள் முழுசாகப் படித்தால் போதும் ஆண்டவரே என்று மனுஷன் தினம் முழங்காலில் நின்றார்.

அவர் மனைவி லில்லிபாய்க்கு வேறு கவலை. "குளிரு முடிஞ்சிட்டு. ரஜாய்ப் போர்வையெல்லாம் நான் எங்க கொண்டு வைக்க? ஒண்ணு புத்தகம் போணும், இல்ல நான் போணும்."

பயந்துபோனவர், குர்காவ்ன் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் சபைப் பெண் பிரியதர்ஷினியிடம் ஓடினார்.

"அச்சா அங்கிள், முதல்ல வாங்குங்க வாங்குங்கன்னு கெஞ்சறத நிறுத்துங்க. கூட்டம் எங்கயோ அங்க போங்க. ஒரே ஒரு காப்பி காட்டுங்க. நாலு பேர் அடிச்சுக்கிட்டா அஞ்சாவது ஆள் தானா வருவாங்க."

அடுத்த ஞாயிறே அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்ததெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும். ஜெபமணி ஒரு காப்பியைப் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்தார்.

"சகித்தவன் சாட்சி! ஒருதரம், ரெண்டுதரம்..." என்று சபைச் செயலாளர் தங்கதுரை கத்தினார். அடேயப்பா, என்ன போட்டி! பல் டாக்டர் ஒருபக்கம், வங்கி மேனேஜர் ஒருபக்கம். டாக்டருக்கே விழுந்தது. ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் புத்தகத்தை உயர்த்திக் காட்டி, "மறுபடியும் ஆண்டவருக்கே!" என்று மேஜையிலேயே வைத்துவிட்டார். அதுதான் அங்கே வழக்கம். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோனால் கௌரவக் குறைச்சல். திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் ஏலம். சந்தோஷத்தில் இந்தப் பாவி மனுஷனுக்கு அது மறந்தே போயிற்று.

மேனேஜர் எடுத்தார், திருப்பினார். பாடகர் குழு எடுத்தது, திருப்பியது. ஒருவராவது அட்டையைத் திறக்க வேண்டுமே! சேவலையாவது தடவிப் பார்த்தார்கள்.

கடைசியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. லில்லிபாய்! எல்லாரையும் மிஞ்சிக் கேட்டு, வாங்கி, கைப்பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.

"வீட்டுலதான் அவ்வளவு கெடக்கே, லில்லி!"

"அது யாருக்கும் வேண்டாத புத்தகம்லா. இதுக்கு டாக்டரே அடிச்சுக்கிட்டாரு. அப்படி என்னதான் எழுதிருக்கீயன்னு பாக்கண்டாமா?"

ஆட்டோ ஏறியதிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. ஜெபம் கேட்கப்பட்டதென்று ஜெபமணி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அவள் ஒரு பக்கத்தின்மேல் விரலை வைத்தாள்.

"நாலாம் அதிகாரத்துல ஒரு சகோதரி வாராளே. வாயத் தொறந்தா மூடமாட்டா, மீன்கொழம்புல உப்ப அள்ளிக் கொட்டுவா, முப்பது வருசமா ஒருத்தர் அவளச் சகிச்சிட்டே இருக்காரு. அது யாரு?"

ஜெபமணி சிக்னலில் ஓடிய நொடிகளை எண்ணினார். சிக்னல் பச்சையானது.

"ஏலத்துல எடுத்தாவளே, அத்தன பேரும் இதப் படிச்சிட்டாவளா?"

"ஆண்டவர் சாட்சியா ஒருத்தரும் படிக்கல, லில்லி! ஒருத்தரும் படிக்கல!" இத்தனை சந்தோஷமாக அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் புத்தகத்தை மூடினாள்.

"அப்ப அதெல்லாம் திவானுக்குள்ளயே கெடக்கட்டும். ரஜாய நான் வேற எங்கயாவது வச்சிக்கிடுதேன்."