கபிரியேல் சம்மனசின் பாட்டு

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அறிவிப்பு வாசித்தார். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் கோயில் வளாகத்தில் இயேசு பிறப்பு நாடகம். வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. நடிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து பாடிக் காட்ட வேண்டும்.

வினோலியாவுக்கு அந்த நிமிஷமே இருப்புக் கொள்ளவில்லை. அஞ்சாம் வகுப்புப் படிக்கிறவள். மாதா வேஷத்தில் அவளுக்கு ஆசையில்லை, தலை குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். மாதாவுக்குச் சேதி கொண்டுவரும் தேவதூதர் கபிரியேல் சம்மனசுக்குத்தான் தனிப்பாட்டு. வெள்ளை உடுப்பும் அட்டைச் சிறகுமாக விளக்கு வெளிச்சத்தில் நின்று, ‘அஞ்சாதே கன்னியே’ என்று ஒற்றை ஆளாகப் பாட வேண்டும். மெட்டை மறைக்கல்வி வகுப்பில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அம்மா அமலராணி சமைக்கும்போது பக்கத்தில் நின்று பாடினாள்.

“என்னது? சத்தமாப் பாடு தாயி.”

அமலராணிக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. பதினோரு வருஷம் மெஷின் இரைச்சலில் நின்று காது மந்தமாகியிருந்தது. அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் சண்டை நடக்கிறதென்று நினைப்பார்கள்.

சனிக்கிழமை இருபது பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்கள். கோயில் பாடகர் குழுவை நடத்துகிற இருதயநாதன் சார் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டதும் வினோலியா போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

சார் ஆர்மோனியத்தில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏம்மா, சம்மனசு ரகசியமா நல்ல சேதி சொல்ல வந்திருக்கு. நீ என்ன, பஸ் ஸ்டாண்டுல வத்தலக்குண்டு வத்தலக்குண்டுன்னு ஆள் ஏத்துற மாதிரி பாடுற?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மெதுவாப் பாடு.”

மெதுவாகப் பாடப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

“வீட்டுல யாருக்குப் பாடிக் காட்டுவ?” என்று கேட்டார் சார்.

“அம்மாவுக்கு சார். மில்லுல வேலை. சத்தமாப் பாடுனாத்தான் அவுங்களுக்குக் கேக்கும்.”

சிரிப்பு அடங்கியது. சார் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தார்.

“எனக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்கு மட்டும் சொல்ற மாதிரி பாடு.”

முதல் அடி தடுமாறியது. இரண்டாவது அடியில் குரல் பிடிபட்டது. பாட்டு முடிகிற வரை சார் அசையாமல் இருந்தார். கிடைத்துவிடும் என்று வினோலியா அப்போது நம்பினாள்.

அடுத்து ஏஞ்சலின் பாடினாள். டீச்சர் வீட்டுப் பிள்ளை, முறையாகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறவள். ஒரு இடத்தில்கூட மூச்சு முட்டவில்லை. வினோலியாவுக்கே அந்தப் பாட்டு பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். சம்மனசு ஏஞ்சலின். இடையர் கூட்டத்தில் ஒன்பதாவது பேர் வினோலியா. மேலே இருந்து மறுபடியும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள்.

“இடையரும் பாடுவாங்கல்ல?” என்றாள் அமலராணி.

“எல்லாரும் சேந்துதாம்மா. என் குரல் தனியாக் கேக்காது.”

அம்மா சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கக் கத்தரிக்காய் நறுக்கினாள்.

ஒத்திகை ஒரு மாதம் நடந்தது. சம்மனசின் பாட்டு அத்தனையும், எந்த இடத்தில் மூச்சு இழுப்பது என்பது வரை, வினோலியாவுக்கு மனப்பாடம். ஏஞ்சலினுக்குச் சளி பிடிக்க வேண்டும் என்று ஒருநாள் வேண்டிக்கொண்டாள். அப்புறம் பயந்துபோய், வேண்டாம் ஆண்டவரே என்று முழங்காலில் நின்றாள். ஏஞ்சலினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாடகத்தன்று அமலராணி மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மேடையில் சாக்குத்துணி போர்த்திய இடையர்கள் ஓரமாக நிற்க, வெளிச்சத்தில் ஏஞ்சலின் பாடினாள். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. ஓரத்தில் வினோலியாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

வீட்டுக்கு நடக்கும்போது அமலராணி ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“நல்லாப் பாடுன தாயி.”

“நான் எங்கம்மா பாடுனேன்? அது ஏஞ்சலின்.”

“மெஷின் ஓடுறப்ப நாங்க வாயைப் பாத்துத்தான பேசிக்கிருவோம்? நான் உன் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த விடலையே நீ.”

வினோலியா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் போதவில்லை. அம்மா பார்த்துவிட்டாள், வேறு யாரும் கேட்கவில்லையே.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் இருதயநாதன் சாரைத் தேடிப் போனாள்.

“ஈஸ்டருக்கு நாடகம் உண்டா சார்?”

“சாமியார்தாம்மா சொல்லணும்.”

சாமியார் கொடைரோட்டுக்குப் போயிருந்தார், எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அறை வாசல் படியில் வினோலியா உட்கார்ந்துகொண்டாள்.