அக்காவின் கத்தரிக்கோல்

சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டான். அப்படியென்றால் போகத்தான் போகிறான்.

பேர்பெச்சுவா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பேர்லின் நகரத்தின் நொய்கெல்னில் இருக்கும் இந்தப் பின்கட்டு வீட்டுக்குத் தம்பி ஜேசுரட்ணம் வந்தது போன மாரியில். அன்றுமுதல் பாதிச் சோற்றைத் தள்ளிவைக்காத நாளில்லை. கட்டிலில் அவன் படுப்பதில்லை. கதவைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து, சப்பாத்தும் கழற்றாமல் நித்திரை கொள்வான். அவனை எழுப்புவதென்றால் அவள் வாசலில் நின்றுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முதல் கிழமையில் ஒருநாள் தெரியாமல் தோளைத் தொட்டுவிட்டாள். நித்திரையிலேயே அவன் பிடித்து முறுக்கியதில் அவள் மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. அடுத்த நாள் அவனே அந்தக் கட்டைப் பார்த்து, "என்னக்கா, என்ன நடந்தது?" என்று கேட்டான். வேலை செய்யும் இடத்தில் படியில் விழுந்ததாகச் சொன்னாள்.

நேற்றுக் கணேசலிங்கம் வந்திருந்தார். இயக்கத்துக்காக இந்த நகரத்தில் ஆள் சேர்ப்பவர் அவர்தான்.

"தங்கச்சியின்ரை வடைக்காகத்தான் இத்தனை படி ஏறி வாறன்," என்று சொல்லி ஒன்றைக் கடித்தார். பிறகு, "அங்கை ஊரிலை இப்ப இந்தியன் ஆமியோடை சண்டை. அனுபவப்பட்ட ஆக்கள் காணாது ரட்ணம். ஒரு ஆறு மாதம்," என்றார்.

"ஓம் அண்ணை. வாறன்."

அவன் யோசிக்கவேயில்லை. பேர்பெச்சுவாதான் சொன்னாள். "அவனுக்குச் சுகமில்லை அண்ணை. டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். நித்திரைக்கும் குளிசைதான்."

"இஞ்சை சும்மா இருந்தால் ஆருக்கும் அப்பிடித்தான் தங்கச்சி. இந்தக் குளிருக்கு எனக்கே விசர் பிடிக்கப் பாக்குது."

ரட்ணம் சிரித்தான். கிளாஸிலிருந்த தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"நாளைக்கு அக்கா தலைமயிர் வெட்டிவிடுவா. பிறகு நான் ரெடி."

"ஏன், பேர்லினிலை சலூன் இல்லையே?"

"இல்லை அண்ணை. அக்கா வெட்டாட்டி நான் போகேலாது." இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

கணேசலிங்கம் அவளைப் பார்த்தார். "அப்ப வடிவா வெட்டி விடுங்கோ, தங்கச்சி. நாளைக்குப் பின்னேரம் காரோடை வாறன்."

முதல் தரம் அவன் சண்டைக்குப் போகும்போது ஊரில், குருநகரில், ஊரடங்கு. சலூன் பூட்டியிருந்தது. அதனால்தான் அவள் வெட்டினாள். இரண்டாம் தரம் அவனே கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாம் தரம், "நீ வெட்டின தலைக்கு ஒண்டும் வராதக்கா," என்றான். கூடப் போன பெடியன்கள் திரும்பவில்லை. அவன் மட்டும் திரும்பினான். அதற்கு அவனிடம் வேறு விளக்கம் இருக்கவில்லை.

ஒவ்வொரு தரமும் போவதற்கு முந்தி அவன் இப்படித்தான் இருந்தான். நன்றாகச் சாப்பிட்டான், எல்லாரோடும் கதைத்தான். அதைத் துணிவு என்றே அவள் முதலில் நினைத்திருந்தாள். திரும்பி வந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. பகிடி விடுவது நின்றது. பிறகு நித்திரை போனது. அம்மாவின் செத்த வீட்டில் அவன் அழவில்லை. பெட்டியை எந்த ஒழுங்கையால் கொண்டுபோனால் ஷெல் விழாது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். போவதைத் தவிர வேறு மருந்து அவனுக்குத் தெரியாது என்று அன்று அவளுக்குப் பட்டது. அந்த மருந்தேதான் அவனைத் தின்றுகொண்டும் இருந்தது.

யன்னலோரம் கதிரையைப் போட்டுக் கழுத்தைச் சுற்றித் துவாயோடு அவன் உட்கார்ந்திருந்தான். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது.

"வாக்கா. காது தெரிய வெட்டு. போனமுறை பின்னுக்குப் படிக்கட்டு மாதிரி வெட்டிப்போட்டாய். பெடியள் ஏறி இறங்கிப் பாத்தவங்கள்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு அவன் பகிடி விடுகிறான்! இந்தத் தம்பியைத்தான் அவள் பத்து மாதமாக இந்த வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். வெட்டமாட்டேன் என்று சொன்னால் இவன் மறுபடியும் சுவரோரம் போய்விடுவான். அல்லது, வெட்டாத தலையோடு போய்விடுவான். அப்படிப் போய் ஏதும் நடந்தால்? கத்தரிக்கோல் உயிரைக் காக்கும் என்று அவள் நம்பவில்லை. ஆனால் நம்பாதது அவளுக்கு இந்த நேரத்தில் எந்த உதவியும் செய்யவில்லை.

சீப்பை நனைத்து அவன் தலையை வாரினாள். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதற்கு அவன் விடுவதேயில்லை. இப்போது தோள்கள் தளர்ந்திருந்தன. கண்களையும் மூடியிருந்தான். நித்திரை கொள்பவன்போல மூச்சு வந்தது. ஒவ்வொரு தரமும் இந்த மூச்சோடுதான் அவன் போனான்; ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் குறைந்துதான் திரும்பினான்.

பிறகு சீப்பை வைத்தாள். அவன் கழுத்திலிருந்த துவாயை அவிழ்த்தாள்.

"நான் வெட்டமாட்டன், ரட்ணம்."

"ஏன், கை நோகுதே?"

"இல்லை."

"அப்ப ஆரக்கா வெட்டுறது?"

அவன் தோள்கள் மெல்ல மெல்ல இறுகுவதை அவள் பார்த்தாள். துவாயை நாலாக மடித்தாள். கத்தரிக்கோலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மற்றக் கதிரையை இழுத்து, அவன் கண்ணுக்குத் தெரியும்படி, அவனுக்கு நேரே உட்கார்ந்தாள்.