சித்தி சிரிக்காத கதை

1

இது நானாக யோசித்த கதை அல்ல. சித்தி கேட்டதால் எழுதுகிறேன். சித்தப்பா போன பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீதான் நடக்காததையெல்லாம் எழுதுறியே. எனக்காக ஒண்ணு எழுதுடா. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் சிரிச்சேன்ல, அதை மட்டும் எடுத்துடு."

ஒரு சிரிப்பை எடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டேன்.

2

'உயர் ரத்த அழுத்தம் ஓசைப்படாமல் வந்து—'

வேண்டாம். மருந்துக்கடைச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

'இரும்பையே வளைத்த கை—'

இதுவும் வேண்டாம், வீரவசனம். சித்தப்பா உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார், பையன்கள் 'மாஸ்டர்' என்பார்கள், படியேறினால் மூச்சு வாங்கியது. சித்திதான் நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். இவ்வளவு போதும்.

3

அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவு திறக்கிறது. சித்தப்பா மார்பை விரித்துக்கொண்டு வருகிறார்.

"இதுக்கா பயந்தே? இதயத்துல தசை தடிச்சிருக்காம். நம்ம பசங்க முக்கி முக்கித் தூக்கியும் கையில வரமாட்டேங்குது, எனக்கு நெஞ்சுக்குள்ளயே வந்திருக்கு!"

சித்தி சிரித்தாள். அதுவரை அடக்கிவைத்த பயமெல்லாம் இறங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

(டாக்டர் உள்ளே சொன்னது வேறு. பல வருட அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் தடித்துவிட்டது. இறுகிப்போன கதவைத் தினமும் தோளால் தள்ளுகிறவனுக்குத் தோள் தடிப்பதுபோல. அது பலம் அல்ல. மாத்திரையை நிறுத்தக் கூடாது, பெரிய எடை தூக்கக் கூடாது. தசை என்றால் பலம் என்று சொல்லியே பிழைத்தவருக்குப் பாதிதான் காதில் ஏறியது.)

மாத்திரை பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போனது. சித்தியும் கேட்கவில்லை. சிரித்து முடித்த விஷயத்தை யார் திரும்பக் கேட்பார்கள்? பிறகு அவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். தடித்த இதயம் தளர்ந்து, ஒருநாள் நின்றுவிட்டது.

4

திருத்திய பிரதி:

'சித்தி சிரிக்கவில்லை. "டாக்டர் வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டபடி எழுந்து, அவளே உள்ளே போனாள்.'

அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே மாத்திரை விழுங்குகிறார், பையன்களைத் திட்டுகிறார், உயிரோடு இருக்கிறார். எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

சித்திக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு" என்றாள். பிறகு, "ஆனா அந்த வராந்தாவுல அவர் மட்டும் தனியா சிரிக்கிறாரேடா. பாவம்" என்றாள்.

"பழையபடி மாத்திடட்டுமா சித்தி?"

"மாத்தினா செத்துடுவாரே."

இரண்டு பிரதிகளும் மேசைமேல் கிடக்கின்றன. எதைக் கிழிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே அவள் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். பை உங்கள் மடியில் இருக்கிறது. கதவு திறக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக வருகிற மனிதரைப் பார்த்து, நீங்கள்—