எட்டு மில்லிமீட்டர் பள்ளம்

காலை பத்து மணிக்குள் இருபது கோப்புகளை முடித்துத் தள்ளிவிடுவது நம்பரக்காவின் வழக்கம். மருத்துவமனையின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஆவண அறையில் அவளுக்கு மேசை. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த நோய்க்கோ காயத்துக்கோ உரிய குறியீட்டு எண்ணைப் போடுவதுதான் வேலை. இன்சூரன்ஸ் ஆபீஸ் நோயாளியின் முகத்தைப் பார்க்காது. அந்த எண்ணைத்தான் பார்க்கும். பதினோரு வருடப் பழக்கத்தில் புத்தகத்தைத் திறக்காமலே எண் சொல்வாள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வேலைக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. டாக்டர் எழுதாததை எண் போடுகிறவர்கள் ஊகிக்கக் கூடாது. எழுதியதில் ஏதாவது இடித்தால், கேள்விச் சீட்டு எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சீட்டு போனால் எலும்பு டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேற்பார்வையாளரோ, யார் எத்தனை சீட்டு அனுப்பினார்கள் என்று மாதக் கடைசியில் பலகையில் சிவப்பு மையால் எழுதி வைப்பார். கேள்வி கேட்பதையே குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? நம்பரக்காவின் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் வந்து மேசை மேல் ஒரு கடிதத்தை வைத்தாள்.

"என் தம்பி டைல்ஸ் ஒட்டுறவன். ஏணியிலேர்ந்து விழுந்து முட்டிக்குக் கீழ எலும்பு ஒடைஞ்சு பதினாறு நாளாச்சு. ஆபரேஷன் பண்ணணும்னு உங்க டாக்டரே வாயால சொன்னாரு. இன்சூரன்ஸ்ல என்னடான்னா, ஆபரேஷன் தேவையில்ல, மாவுக்கட்டு போதும்னு லெட்டர் போட்டிருக்காங்க. யாரைக் கேட்டாலும் கீழ போ, கீழ போங்கறாங்க. இதுக்கும் கீழ நான் எங்க போறது?"

நம்பரக்கா கோப்பை எடுத்தாள். டாக்டரின் குறிப்பில், 'எலும்பு முறிவு. விலகல் இல்லை' என்று இருந்தது. அதாவது, உடைந்த எலும்பு இடம் மாறவில்லை, மாவுக்கட்டே போதும். அடுத்த தாளில் ஸ்கேன் அறிக்கை. மூட்டின் பரப்பு உடைந்து எட்டு மில்லிமீட்டர் பள்ளமாக உள்ளே இறங்கியிருப்பதாக அது சொன்னது. இரண்டும் ஒரே காலைப் பற்றியதாக இருக்கவே முடியாது. ஸ்கேன் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அது அவள் போட்டது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இந்தக் கோப்பு வந்த அன்று சீட்டை எடுத்து எழுதக்கூட ஆரம்பித்திருந்தாள். பின்னால் வந்த மேற்பார்வையாளர், "எப்பவும் பூஜ்யம்மா, கெடுத்துக்காதே" என்று சிரித்துக்கொண்டே போனார். அவள் சீட்டை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, விலகல் இல்லாத முறிவுக்கான எண்ணைப் போட்டுவிட்டாள்.

"இந்த நம்பர் யாரு போட்டது?" என்றாள் ஓட்டுநர்.

"நான்தான்."

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கோப்போடு மாடிப்படி ஏறினாள். எலும்பு டாக்டர் நேற்றைய நோயாளியின் குறிப்பை நகலெடுத்து, இன்றைய நோயாளியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கோப்பை அவர் முன் விரித்து, 'விலகல் இல்லை' என்ற வரியைக் காட்டினாள்.

"அது நிரந்தரமா அடிச்சு வச்சிருக்கற வாசகம்மா. முட்டி கேஸ் எல்லாத்துக்கும் அதுதான் போகும். ஸ்கேனைப் பாத்தா உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுது சார். ஆனா ஸ்கேனைப் பாத்து நானா நம்பர் போடக் கூடாது. நீங்க எழுதினதுக்குத்தான் போடணும். நீங்க வேற யாரு காலையோ எழுதி வச்சிருக்கீங்க. நானும் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. "வெளில பேஷண்டுங்க நிக்கறாங்க."

"ஒருத்தர் பதினாறு நாளா நிக்க முடியாம கெடக்கறாரு சார். இதை எழுதிக் குடுங்க, போறேன்."

அவர் திருத்தக் குறிப்பு எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டே வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க ஒருவருக்கு நேரமில்லை, கேட்க இன்னொருவருக்குத் துணிச்சல் இல்லை. இதற்குத்தான் ஒரு மனிதன் பதினாறு நாள் வலியில் கிடந்தான்.

இன்சூரன்ஸ் ஒப்புதல் வர மேலும் ஐந்து நாள் ஆனது. அதற்குள் எலும்பு கோணலாகச் சேர ஆரம்பித்திருந்தது. அதைப் பிரித்தெடுத்துத்தான் தகடு வைத்தார்கள். நான்கு மாதத்தில் அவன் நடந்தான். ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. சீக்கிரம் செய்திருந்தாலும் முழுசாக மடங்கியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் சமாதானம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டிப் பிழைத்தவனுக்கு அதனால் என்ன பயன்?

கோப்பின் நகல் வாங்க அந்த ஓட்டுநர் பெண் மறுபடி ஆவண அறைக்கு வந்தாள். நம்பரக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க கெட்டவங்களா இருந்தா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள் அவள். "தப்புன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருந்தீங்களே, அதை எந்தக் கணக்குல வைக்கறதுன்னு தெரியல." நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் பலகை முன்னால் பேனாவோடு நின்றார்.

"என்னம்மா இது, மாசா மாசம் ஏறி இப்ப நாப்பது சீட்டா? உன் பேரு கெட்டுப்போச்சே."

"எழுதுங்க சார், சிவப்பு மையிலயே எழுதுங்க" என்றாள் நம்பரக்கா. "பூஜ்யம் வாங்கின மாசத்துலதான் ஒருத்தர் முட்டி போச்சு. தப்பு நடக்கறது தெரிஞ்சும் கேக்காம இருந்தா, அந்தத் தப்பை நாமளே செஞ்ச மாதிரிதான் சார். இது புரிய எனக்கு இன்னொருத்தர் காலு வேண்டியிருந்துது."

மேற்பார்வையாளர் நாற்பது என்று எழுதினார். பக்கத்து மேசைக்காரி தன் இழுப்பறையைத் திறந்து, பாதி எழுதியிருந்த சீட்டு ஒன்றை வெளியே எடுத்தாள்.