வேர் முத்தட்டும்

கடப்பாரையின் மறுமுனையைக் கியோமி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை இருவர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது.

"விடு" என்றான் எர்சின்.

"மழை விடட்டும்யா. சேறு வழுக்குது."

"அண்ணன் செத்துக் கெடக்கான். மழை விடட்டும்ங்குற."

"ரோட்டுக் கடையில வேர் கழுவிக் கட்டி வச்சிருப்பான். அதுல நல்லதா ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போவோம். இது எதுக்கு? இன்னும் முத்தல."

எர்சின் மனைவியைப் பார்த்தான். விடிந்ததிலிருந்து அழாத முகம் அவனுக்கு.

"இனிமே முத்தி யாருக்கு? அவனா எழுந்து வந்து குடிக்கப்போறான்?"

அவள் கையை எடுத்துவிட்டாள். வேறென்ன செய்ய? கடப்பாரை மண்ணில் இறங்கியது.

வீட்டுக்குப் பின்னால், சமையல்கட்டின் கழிவுத்தண்ணீர் போகாத மேட்டில் நின்ற சக்காவுச் செடி அது. ஆள் உயரத்தைத் தாண்டி, கணுக்கணுவாய்த் தண்டு விட்டு, உள்ளங்கை அகல இலைகளோடு ஒரு சின்ன அறை அளவுக்குப் படர்ந்திருந்தது. பொன்பே தீவில் சக்காவு வைக்காத வீடு கிடையாது. வேரை இடித்துப் பிழிந்து குடித்தால் நாக்கு மரக்கும், கால் கனக்கும், மனசு அடங்கும். சாயங்காலமானால் தீவு முழுக்கக் கல்லில் இடிக்கிற சத்தம்தான். ஆனால் இந்த ஒரு செடி சாயங்காலத்துக் குடிக்காக வைத்ததில்லை. எர்சின் இதை அண்ணன் காசியானோவுக்காக வைத்தான்.

எல்லாம் ஒரு வள்ளிக்கிழங்கால் வந்த வினை. ஊர் விருந்தில் காசியானோ கொண்டுவந்த கிழங்கைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. தலைவரே எழுந்து நின்று பார்த்தார். எர்சினுக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, கிழங்குல உன் மாமனார் தோட்டத்து மண்ணு ஒட்டியிருக்கே, தொடச்சுட்டுக் கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றான். கொட்டகையே சிரித்தது. அடுத்தவன் தோட்டத்துக் கிழங்கை ஏறிட்டுப் பார்ப்பதே மரியாதைக் கேடு என்று நினைக்கிற ஊர். அதில் சொந்தத் தம்பியே, தலைவர் முன்னால், இது நீ விளைவித்ததில்லை என்று சொல்லிவிட்டான். காசியானோ கிழங்கைச் சுமந்துவந்த கம்பை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவன்தான். அதற்குப் பிறகு தம்பி இருக்கிற இடத்துக்கு அவன் வந்ததேயில்லை.

இங்கே வெறும் வாயால் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பே இல்லை. சக்காவை வேரோடு பிடுங்கிச் சுமந்துபோய், அவன் கண் முன்னால் இடித்துப் பிழிந்து தேங்காய்ச் சிரட்டையை நீட்ட வேண்டும். எவ்வளவு கோபக்காரனும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். எர்சின் மறுநாளே போயிருக்கலாம். ஆனால் அவனிடம் அப்போது இருந்தது முழங்கால் உயரச் செடிகள்தான்.

"நாலு பேர் தூக்குற கிழங்கைக் கேலி பண்ணிட்டு, நண்டுக்கால் மாதிரி ஒரு வேரைக் கொண்டுபோய் நீட்டவா? அது இன்னொரு கேலி" என்றான். நல்ல தண்டாகப் பார்த்து வாங்கிவந்து மேட்டில் ஊன்றினான். அண்ணனோடு ஒரே சிரட்டையில் குடிக்கும்வரை சக்காவை வாயில் வைப்பதில்லை என்று சபதம் வேறு செய்துகொண்டான்.

அந்தச் சபதத்தால்தான் கியோமி இதற்குள் வந்தாள்.

வேர் முத்திவிட்டதா என்று குடித்துப் பார்த்தால்தான் தெரியும். குடிக்கமாட்டேன் என்றவன் எப்படிப் பார்ப்பான்? கியோமி பிறந்தது கிட்டி என்கிற ஊர்ப் பக்கம். சக்காவுக்குப் பேர்போன மண். ஒரு மிடறு போதும், செடி எந்த மேட்டில் நின்றது, நிழலா வெயிலா என்று சொல்லிவிடுகிற நாக்கு அவளுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, சீமைப்பலா காய்க்கிற காலம் வந்ததும், எர்சின் பக்கவேர் ஒன்றை மண்ணைக் கிளறி அறுத்துவந்து கழுவி இடிப்பான். நீர்ப்பருத்தி மரப்பட்டை நாரில் சுற்றிப் பிழிந்து கொடுப்பான். அவள் குடித்து முடிக்கும்வரை குந்தி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்படி?"

"தண்ணி."

முதல் தடவை அது உண்மைதான். அடுத்த வருஷமும் உண்மை.

அதற்கடுத்த வருஷம், சீமைப்பலா காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கியோமியின் அப்பா செத்துப்போனார். தீவின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் பன்றியும் கிழங்கும் வந்து இறங்கின. காசியானோ வீட்டிலிருந்து ஒரு கிழங்கு வரவில்லை, ஒரு ஆள் வரவில்லை. தம்பி மேல் கோபம் என்றால் தம்பியோடு போகட்டுமே. செத்துக் கிடந்த என் அப்பா அவனை என்ன செய்தார்? கியோமியின் அம்மா அன்றைக்குக் கேட்டாள், "உன் புருஷனுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தானே, அவனும் செத்துட்டானா?" அந்தக் கேள்வி அவள் காதிலேயே தங்கிவிட்டது.

அந்த வருஷம் குடித்தபோது நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரைக்கும் மரத்துப்போனது. அப்படியொரு வேரை அவள் அப்பா வீட்டில்கூடக் குடித்ததில்லை. எர்சின் குந்தியிருந்தான்.

"எப்படி?"

இந்த வேரைச் சுமந்துபோய் அந்த வீட்டு வாசலில் என் புருஷன் தலைகுனிந்து உட்காரணும், நானும் பின்னால் உட்காரணும். அவர்கள் மட்டும் என் அப்பாவுக்கு ஒரு பிடி மண்கூடப் போடமாட்டார்கள். நல்லா இருக்கே நியாயம்! இன்னும் ஒரு வருஷம் அவர்கள் காத்துக் காயட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

"தண்ணிதான். செடி பெருசா நிக்குதே தவிர வேர்ல ஒண்ணும் இல்ல. முத்தட்டும்."

அவன் மறுபேச்சில்லாமல் நம்பினான். மறுவருஷம் உண்மையைச் சொல்லலாம் என்றால், போன வருஷம் பொய் சொன்னாயா என்று அவன் கேட்டுவிட்டால்? அதனால் மறுபடியும் முத்தட்டும். பிறகு காசியானோவுக்குச் சர்க்கரையில் காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம், வாய்வரைக்கும் வந்தது. சீமைப்பலா காய்த்ததும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இன்று விடிகாலையில் அந்த வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது.

செடி ஒருவழியாகச் சாய்ந்தது. வேர்க்கட்டு மண்ணை விட்டு வரும்போது வந்த வாசனைக்கே கியோமி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பக்கத்து வீட்டு டாமியனும் அவன் மச்சினன்களும் வந்து, கம்பில் கட்டித் தூக்கினார்கள்.

"யப்பா! என்ன எர்சின், செடி வளத்தியா, எருமை வளத்தியா?" என்றான் டாமியன்.

யாரும் சிரிக்கவில்லை.

காசியானோ வீட்டுக் கொட்டகையில் கூட்டம் நிறைந்திருந்தது. அரிசி மூட்டைகளும் டின் மீன் பெட்டிகளும் ஒரு பக்கம். கால் கட்டிய பன்றிகள் மழையில் கத்திக்கொண்டிருந்தன. மேடையில் தலைவர் சட்டையில்லாமல், கழுத்தில் பூமாலையோடு உட்கார்ந்திருந்தார். உள்வீட்டில் பாயில் காசியானோ கிடந்தான். வெள்ளைத் துணி ஒரு கால் இருந்த இடத்தில் தட்டையாக இருந்தது. எர்சின் வாசற்படியிலேயே நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை. கியோமிதான் போய் அடெலினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காசியானோவின் மனைவி அழுது ஓய்ந்து, விசிறியால் பிணத்தின் முகத்து ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தீங்களா" என்றாள்.

"வந்தோம் அக்கா."

"செடியத் தூக்கிட்டு வந்திருக்கீங்களாமே."

கியோமி வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"இவரு கட்டில ஜன்னல் ஓரமா இழுத்துப் போடச் சொன்னாரு" என்று அடெலினா விசிறியை நிறுத்தாமலே சொன்னாள். "ரோட்டுல எவனாவது சக்காவு சுமந்துட்டுப் போனா, 'பாரு, அவனா?'ம்பாரு. நான் பாத்துட்டு, இல்லீங்க, வேற ஆளுன்னு சொல்லுவேன். 'அவன் பெருசா வளக்குறானாம். கொண்டுவரட்டும், உடனே வாங்கிடக் கூடாது, கொஞ்ச நேரம் முறைச்சுட்டுத்தான் வாங்கணும்'னு சொல்லிச் சிரிப்பாரு. கடைசி வாரம் அதுவும் கேக்கல."

"அக்கா..."

"உன் அப்பா சாவுக்கு வராதது தப்புன்னு அவருக்குத் தெரியும். நான் போகச் சொன்னேன். வீம்பு. அப்பறம் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாரு. எர்சின் வரட்டும், அவன் பொண்டாட்டிகிட்ட நான் கேட்டுக்கறேன்னாரு."

கியோமி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனுஷியை எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருப்பாள். இப்போது ஓவென்று அழுதால் பிணத்துக்காக அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அழவும் கூச்சமாக இருந்தது.

கொட்டகையில் தட்டைக் கற்கள் நாலு. ஆளுக்கொரு குழவிக்கல்லோடு சுற்றி உட்கார்ந்து இடிக்க ஆரம்பித்தார்கள். கல் கணீர் கணீரென்று ஒரே தாளத்தில் பேசியது. பெண்கள் வரிசையில் வந்து உட்கார்ந்த கியோமியின் கண் டாமியனின் கைமேலேயே இருந்தது. அவன் இடித்த வேரை நாரில் சுற்றி முறுக்கினான். பழுப்பாய், கொழகொழவென்று சிரட்டையில் இறங்கியது. ஒரு சுற்றுப் பிழிந்ததும் அவன் விரலை மடக்கி விரித்துப் பார்த்தான்.

"அம்மாடி. பிழியறப்பவே கை மரக்குது. என்ன வேருடா இது!"

பரிமாறுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைக் கைமேல் குறுக்காக வைத்து, முதல் சிரட்டையைத் தலைவரிடம் நீட்டினான். தலைவர் கண்ணை மூடிக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் திறக்கவேயில்லை.

"இந்த மாதிரி வேர் குடிச்சு வருஷமாச்சு" என்றார். "காசியானோவுக்குக் குடுத்து வைக்கல."

சிரட்டை சுற்றி வந்தது. ஒவ்வொருவராய்ப் பேச்சு குறைந்து கொட்டகை அடங்கியது. கியோமியிடம் வந்தபோது அவள் மறுக்கவில்லை. சாவு வீட்டில் தலைவர் முன்னால் மறுக்க முடியாது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றும் வந்தது, அதையும் குடித்தாள்.

எர்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் சிரட்டையை நீட்டினார்கள். கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரே சிரட்டையில் குடிக்க வேண்டியவன் உள்ளே பாயில் கிடக்கிறான். தலைவர் தலையசைத்தார். எர்சின் கண்ணை மூடிக் குடித்தான்.

அவன் நாக்கு எத்தனை வருஷம் சக்காவைத் தொடாத நாக்கு. கியோமி அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. அவன் வாய்க்குள் நாக்கைப் புரட்டிப் பார்த்தான். காலிச் சிரட்டைக்குள் பார்த்தான். பிறகு மெதுவாக, கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து இவளைப் பார்த்தான்.

"கியோமி" என்றான். அந்த அமைதியில் குரலை உயர்த்தத் தேவையில்லை. "எப்படி?"

வருஷாவருஷம் கேட்ட அதே குரல்தான். டாமியன் அது தெரியாமல், "கேக்கணுமா? கிட்டிப் பொண்ணு, அவளே சொல்லட்டும்" என்று முனகினான்.

கியோமியின் உதடு மரத்திருந்தது. தண்ணி என்று சொல்ல இனி வழியில்லை.

"முத்திருக்கு."

"எப்பலேர்ந்து?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும்.

"அவருக்கு ரெண்டு காலும் இருந்தப்பவே."

எர்சின் திட்டவில்லை. எழுந்து வந்து ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு மூச்சு வந்திருக்கும். அவன் காலிச் சிரட்டையைக் கீழே வைத்தான். பிறகு எழுந்தான். பரிமாறுகிறவன் கையிலிருந்த நிறைந்த சிரட்டையை வாங்கிக்கொண்டு உள்வீட்டுக்குப் போனான். நடை கொஞ்சம் தள்ளாடியது. வாசலில் கூட்டம் விலக, கியோமிக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது.

அண்ணனின் பிணத்துக்குப் பக்கத்தில், அடெலினாவின் முன்னால், எர்சின் முழங்காலிட்டான். தலையைத் தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தி, இரண்டு கையாலும் சிரட்டையை நீட்டினான்.

"அண்ணி. நான் அன்னிக்குப் பேசுனதுக்கு. இவ்வளவு நாள் வராததுக்கு" என்றான். சிரட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "எங்க ரெண்டு பேருக்காகவும்."

கியோமிக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்து அழுகை வந்தது. தன் பொய்யையும் அவன் தலையில் ஏற்றிக்கொண்டு குனிந்திருக்கிறானே, இந்த மனுஷன்!

அடெலினா விசிறியைக் கீழே வைத்தாள். சிரட்டையை வாங்கினாள், ஆனால் குடிக்கவில்லை. குனிந்திருந்த அவன் தலைக்கு மேலாக, வாசல் வழியே, கியோமியைப் பார்த்தாள். கோபமா, கூப்பிடுகிறாளா என்று தெரியாத பார்வை. சிரட்டை அவள் கையில் அப்படியே நின்றது.

போய் அவன் பக்கத்தில் முழங்காலிட வேண்டும். பத்தடி தூரம்கூட இல்லை. கியோமி கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள்.

கால் இரண்டும் வரவில்லை. வேர் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை ஊன்றினாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைப் பிடித்து, "உக்காரு, உக்காரு. நல்ல வேரு, அப்படித்தான் இழுக்கும்" என்று உட்காரவைத்தாள்.