இருநூற்றுப் பதினாலு பச்சை

...எல்லாமே பச்சை, இருநூற்றுப் பதினாலு லிங்கில் ஒன்றுகூடச் சிவப்பில்லை, பிறகென்ன, நாலு மணிக்குள் 'வெளியிடலாம்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு எழுந்து போக வேண்டியதுதானே, எதற்கு இப்படி நாற்காலியில் பசை போட்டு ஒட்டியது மாதிரி... மேசையில் சாத்தி வைத்த ஆறு போன்களும் காலையில் போலவே இப்போதும் ஆள் தொடாமலே ஆப்பைத் திறந்து மூடி ஓய்ந்திருக்கின்றன. மருத்துவமனை ஆப். குறுஞ்செய்தியில் வரும் லிங்கைத் தொட்டால் முகப்பு, பட்டியல் என்று சுற்றவிடாமல் நேரே பரிசோதனை முடிவுப் பக்கத்திலோ மருந்துச் சீட்டிலோ கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். முன்பு இரண்டு பேர் நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்த வேலை, இவள் எழுதிய டெஸ்ட் புரோகிராம் தானாகவே, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு என்று பதினோரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அந்த வேகத்துக்குப் பரிசுதான் நிரந்தர வேலை, நடுவில் விட்டுப் போகமாட்டேன் என்று மூன்று வருட ஒப்பந்தம், இன்று இது வெளியானால் நாளை கையெழுத்து. மூன்று வருடம், திறக்கவே முடியாத இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். அதுக்கப்புறம் என்று கேட்டதற்கு, அப்புறம் இன்னொரு மூணு வருஷம் போடுவாங்க, இதென்ன கேள்வி என்று கணவன் சிரித்தான். அவன் அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. உனக்கு வேணுமா என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள்...

வீட்டு ஆட்கள் போனிலும் ஆப்பைப் போட்டுப் பாருங்கள் என்று டீம் லீட் சொன்னதைக் கேட்டு மாமியார் போனில் போட்டாளே, அது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. மதியம் கூப்பிட்டு, இந்தா பாரு, உன் ஆப்புல மாட்டிக்கிட்டேன், பின்னாடி போற பட்டனை அமுக்குனா மறுபடி அதே பக்கந்தான் வருது, உள்ள விடத் தெரிஞ்சவளுக்கு வெளிய விடத் தெரியலையா என்றார். போனை அணைச்சுட்டுப் போடுங்க அத்தை என்று வைத்துவிட்டாள், அதன் பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் கேட்டவுடனே புரிந்துவிட்டது. இவளுடைய டெஸ்ட் லிங்கைத் திறக்கும், தலைப்பு சரியா என்று பார்க்கும், ஆப்பையே கொன்றுவிட்டு அடுத்த லிங்குக்கு ஓடும். பதினோரு நிமிடம் வேறெப்படி வரும்? பின்னால் போகும் பட்டனை ஒரு லிங்கில்கூட அமுக்கியதில்லை. அமுக்கினால் நுழைவுப் பக்கம் வருகிறது, நுழைவுப் பக்கமோ நீங்கதான் ஏற்கெனவே உள்ளே இருக்கீங்களே என்று திரும்பப் பழைய பக்கத்திலேயே தள்ளிவிடுகிறது. மாமியாருக்குச் சர்க்கரை அளவுதான் வந்தது, கத்திவிட்டுப் போனை அணைத்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பிள்ளையுடைய முடிவைப் பார்க்கிற ஒருத்திக்கு, அதுவும் கெட்ட முடிவு... பின்னால் போனால் அதே பக்கம், மறுபடி போனால் அதே பக்கம்... முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மறைக்கிற அளவுக்கு இவளுக்கு நெஞ்சுரம் இல்லை, அவ்வளவுதான், நல்லவள் என்றெல்லாம் இல்லை.

டெஸ்ட்டில் ஒரே ஒரு வரி கூடுதலாக. தலைப்பைப் பார்த்த பிறகு பின்னால் போ, போனாயா என்று பார். சேர்த்து ஓட்டினாள். முதல் லிங்க் சிவப்பு, இரண்டாவது சிவப்பு, பதினேழாவது மட்டும் என்ன புண்ணியமோ பச்சை, பிறகு வரிசையாகச் சிவப்பு. லீட் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. என்னங்க இது, காலைல எல்லாம் பச்சைன்னீங்க? சொன்னாள், தன் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார், மனிதர் கெட்டவரில்லை. உங்க டெஸ்ட்டை நம்பித்தான் மேல பேசினேன், இப்போ நிறுத்தினா உங்க நிரந்தர வேலைக் கடிதமும் நின்னுடும், இந்த வருஷம் இல்லன்னே வெச்சுக்குங்க, அத்தனை பேரும் ஆப்பை மூடிட்டுத் திறக்கத்தானே போறாங்க, யோசிச்சுச் சொல்லுங்க, என்ன அனுப்பட்டும்?

சிவப்புதான் சார், நிறுத்திடுங்க.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். இனி அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஐயோ என்று இருக்க வேண்டிய நெஞ்சு அப்பாடா என்றது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சுற்றிலும் பார்த்தாள். அப்படியானால் இத்தனை மாதமும் இந்த நெஞ்சைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டுக் கேட்டு வேலை செய்தாள்... சாயங்காலம் வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமே, அந்த நடிப்பு வருமா?