பெங்களூர் நிவேதா, ஐயாயிரம்

1

கேட்டை யாரோ தடதடவென்று ஆட்டினார்கள். காப்பியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். சுடர்விழி. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வந்திருக்கிறாள். என் மனைவி திலகவதியோடு கல்லூரியில் படித்தவள். வாய்க்கு வாய் என்னை அண்ணே என்பாள். அன்று அதுகூட வரவில்லை. செருப்போடு உள்ளே வந்து, "மேடம் போனை எடுக்க மாட்டேங்குறாக" என்றாள்.

இந்தக் கதை என் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். முந்தின நாள்தான் வார இதழிலிருந்து பீட்டர் பேசியிருந்தார். "ஆன்லைன் மோசடி பத்தி ஒரு கதை குடுங்க சார். பேராசைக்காரி ஒருத்தி. நல்லா ஏமாறணும். கடைசியில போலீஸ் வந்துரணும்." சரி என்றிருந்தேன். அந்த மாதிரிக் கதையை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதிவிடலாம்.

2

முதல் தொடக்கம்: சுடர்விழிக்கு ஆசை அதிகம். பக்கத்து வீட்டுக்காரி வளையல் வாங்கினால் இவளுக்கு...

(அடித்துவிட்டேன். அவள் கழுத்தில் கிடப்பது வெறும் மஞ்சள் கயிறு. சங்கிலி அடகில்.)

இரண்டாவது தொடக்கம்: விவரம் தெரியாத கிராமத்துப் பெண்ணான...

(இதுவும் ஆகாது. பி.காம். படித்தவள். ஊரில் பாதிப் பேருக்கு கேஸ் சிலிண்டர் பதிந்து கொடுப்பது அவள் போன்தான்.)

மூன்றாவதில் மைக் அலறுகிறது. இது நிற்கும். அந்தப் பந்தலில் நானும் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டேன்.

3

"ஆலங்குடி ராக்கன், இரண்டாயிரம்!"

ஆவணி மாதம். ஐந்து வீட்டார் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே பந்தலில் போட்ட மொய் விருந்து. அதில் ஒரு வீடு சுடர்விழியுடையது. கணவன் நிலவழகன் சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறான். அடமானத்தில் கிடக்கும் நிலத்தை இந்த மொய்யை வைத்துத் திருப்பிவிட வேண்டும். அதற்குத்தான் விருந்து.

(வெளி மாவட்டத்து வாசகருக்கு: இது கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணம் திரட்டவே போடுகிற விருந்து. சாப்பிட்டுவிட்டு வைக்கிற பணத்தை, வைத்தவர் வீட்டில் விருந்து வரும்போது திருப்ப வேண்டும். மேலே கொஞ்சம் புதிதாகச் சேர்த்துத் திருப்ப வேண்டும். வாங்கியதை மட்டும் வைத்தால், உன் உறவு போதும் என்று அர்த்தம். பத்திரம் கிடையாது. ஊர் பார்க்கிறது, அவ்வளவுதான்.)

"பெங்களூர் நிவேதா, ஐயாயிரம்!"

பந்தலில் தலைகள் திரும்பின. "யாருடி அது பெங்களூர்ல?" என்றாள் திலகவதி.

"எங்க மேடம்" என்றாள் சுடர்விழி. அன்று முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

மேடத்தை அவள் பார்த்ததில்லை. போனில் வந்த வேலை. முன்பின் தெரியாத ஓட்டல்களுக்கு ஸ்டார் போட வேண்டும். சாயங்காலம் நூறோ நூற்றைம்பதோ வந்துவிடும். ஒருநாள், "ரெண்டு நாள் லீவு வேணும் மேடம், எங்க வீட்ல மொய் விருந்து" என்று எழுதியிருக்கிறாள்.

"மொய்ன்னா என்ன அக்கா?"

சுடர்விழி ஆசை ஆசையாக விளக்கினாள். ஊரில் இல்லாத ஒருத்தி நம் பழக்கத்தைக் கேட்கிறாளே என்ற பெருமை. யார் எப்படி வைப்பார்கள், எப்படித் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் என்ன பேசுவார்கள், எல்லாம். பத்திரிகையையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஐயாயிரம் வந்தது.

4

இந்த நிவேதாவை எழுதப் பார்த்தேன். கடன்காரி, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மனசு உறுத்துகிறது... வரவில்லை. அப்படி ஒரு பெண்ணே இல்லாமல் இருக்கலாம். ஷிப்ட் மாற்றி மாற்றி மூன்று ஆண்கள் அந்தப் பெயரில் தட்டச்சு செய்திருக்கலாம். எவரோ, நன்றாகப் பாடம் கேட்டவர்கள்.

விருந்து முடிந்த மூன்றாம் நாள்: "அக்கா, எங்க கம்பெனியில இந்த வாரம் விசேஷம். என் பேர்ல பணம் போட்டா எனக்கு ப்ரமோஷன். செய்வீங்கள்ல?"

செய்யாமல்? சுடர்விழி பத்தாயிரம் போட்டாள். வாங்கியது ஐந்து, புதிது ஐந்து. மறுநாளே பதினைந்தாயிரமாகத் திரும்பி வந்தது. பீட்டருடைய பேராசைக்காரியாக இருந்தால் அந்தப் பதினைந்தை அமுக்கிக்கொண்டு போனை அணைத்திருப்பாள், பிழைத்திருப்பாள். இவளுக்கு அது முடியவில்லை. மேலே வாங்கிவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? இன்னும் கூட்டி வைத்தாள். அதுவும் கூடித் திரும்பியது. நிலத்துக்கு வைத்திருந்த மொத்தத்தையும் மேடத்தின் கடைசி விசேஷத்துக்கு அனுப்பியது நேற்று சாயங்காலம்.

நடுங்கும் விரலால் அவள் அந்தக் கடைசிப் பட்டனை...

(நடுங்கவில்லையாம். வெங்காயம் உரித்துக்கொண்டே அனுப்பினாளாம்.)

5

"ஏண்டி, காலேஜ்ல எனக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லிக் குடுத்தவளே நீதானடி! ஸ்டார் போட எவன்டி காசு குடுப்பான்னு அன்னைக்கே கேட்டேன்ல?" என்றாள் திலகவதி.

"குடுத்தாகளே."

"நெலத்தை அடமானம் புடிச்சவருக்கு என்ன சொல்லுவ?"

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்கேன். அவுக அப்பா சிங்கப்பூர்லேர்ந்து நேத்துகூடக் கேட்டாரு. கட்டியாச்சுன்னுட்டேன்." பிள்ளையை முன்னிட்டுக் கணவனை அப்படித்தான் சொல்வாள்.

அடுத்த ஆவணியிலிருந்து ஒவ்வொரு பந்தலாகப் போய் அவள் மேலே சேர்த்துத் திருப்ப வேண்டும். நான் வைத்த ஆயிரமும் அதில் உண்டு. நிலமும் இல்லை, பணமும் இல்லை.

முடிவு ஒன்று, பீட்டருக்காக: ஜீப் வந்து நிற்கிறது. இன்ஸ்பெக்டர் அருள்தாஸ் லத்தியைத் தட்டியபடி... (இந்த அருள்தாஸை நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: பணம் முழுதும் திரும்பி வருகிறது, "மன்னிச்சிருங்க அக்கா" என்ற செய்தியோடு. (இதை எழுதினால் பாராட்டிக் கடிதங்கள் வரும். அதனாலேயே எழுதப் பயமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எத்தனை சுடர்விழிகள் காத்திருப்பார்களோ.)

6

மூன்றாவது முடிவுக்கு வழி ஒன்று இருந்தது. நேற்று சாயங்காலம் போன பணம். சைபர் கிரைம் உதவி எண்ணுக்குச் சீக்கிரம் சொன்னால் போகிற வழியிலேயே கொஞ்சமாவது மடக்க வாய்ப்புண்டு. நேரம் ஆக ஆக அதுவும் போய்விடும். நானே எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் அவள் கையில் கொடுத்தேன்.

"சொல்லுங்கம்மா, யார் மேல புகார்?" என்றது எதிர்முனை. அறை முழுக்கக் கேட்டது.

சுடர்விழி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"சொல்லுடி!" என்றாள் திலகவதி.

"அந்த மேடம் பேரைச் சொல்லும்மா, அது பொய்ப் பேரா இருந்தாலும் பரவால்ல" என்றேன் நான்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

இங்கே என் எழுத்து நின்றுவிட்டது. அவளை இந்த இடத்திலிருந்து நகர்த்துகிற ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்தால் இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். கதை உங்களுடையது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மெதுவாக, எனக்கு ஏதோ புரியவில்லை என்பதுபோலச் சொன்னாள்:

"எங்க பந்தல்ல மொய் வச்சவுகண்ணே. அவுக மேல போயி எப்படிண்ணே கம்ப்ளைண்ட் குடுக்கிறது?"